மிஞ்சும் ஸ்பிளின்ட் துண்டுகளை வீசாதீர்கள்

நிலைத்தன்மைக்கான, அதாவது வளங்களை வீணாக்காமல் வேலை செய்வதற்கான, வழிகாட்டு நெறிகளை உலக ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைச் செய்ய நோயாளிக்குக் கைகொடுக்கும் சிகிச்சை) கூட்டமைப்பு 2018-ல் வெளியிட்டது. அதை நம் சிகிச்சை அறையில் எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், கையைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளின்ட்டுகளைச் செய்யும் மேசையைத்தான் காட்டுவேன்.

தெர்மோபிளாஸ்டிக் ஷீட்டில் (சூட்டில் இளகி, ஆறினால் இறுகும் பிளாஸ்டிக் தகடு) நேரடியாக வரையாதீர்கள். நோயாளியின் கையை டிஷ்யூ பேப்பரில் வைத்து வரைந்து, வெட்டி, கையிலேயே வைத்துப் பாருங்கள். நீளம், முன்கையில் மூன்றில் இரண்டு பங்கு வரவேண்டும். தவறு இருந்தால் காகிதத்தோடு போகட்டும். பிறகு ஷீட்டின் ஓரத்தை ஒட்டி வைத்து வரையுங்கள். நடுவில் வரைந்தால் சுற்றிலும் எதற்கும் உதவாத கீற்றுகள்தான் மிஞ்சும்.

ஷீட்டை இளக்கும் தண்ணீர் தொட்டி 65–75 டிகிரி செல்சியஸ் இருந்தால் பெரும்பாலான ஷீட்டுகளுக்குப் போதும். அதைத் தாண்டினால் ஷீட் தொய்ந்து, தூக்கும்போதே இழுபட்டு மெலியும். அந்த இடத்தில்தான் பின்னால் விரிசல் விழும். ஸ்பிளின்ட் நோயாளிகளை ஒரே காலையில் வரச்சொன்னால் தொட்டியை ஒருமுறை சூடாக்கினால் போதும். மூடியைப் போட்டே வையுங்கள்.

ஆனாலும் பெரிய வீண் வெட்டுவதில் இல்லை. செய்து கொடுத்த ஸ்பிளின்ட் பீரோவில் கிடப்பதுதான் உண்மையான வீண். நம் வெயிலில் வியர்வை அரித்தால் யாரும் போடமாட்டார்கள். உள்ளே போட இரண்டு பருத்தி ஸ்டாக்கினெட் (குழாய்போன்ற பின்னல் துணி) உறைகள் கொடுங்கள். ஒன்றைத் துவைக்கும்போது மற்றது உதவும். மாட்டியபின் அரைமணி நேரம் உட்காரவைத்துக் கழற்றிப் பாருங்கள். மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு மேட்டில் சிவப்பு இருபது நிமிடத்திலும் மறையவில்லை என்றால் அந்த இடத்தைச் சூடாக்கி வெளியே தள்ளியாக வேண்டும். இதை விட்டுவிட்டு "பழகிடும்மா" என்று அனுப்புவது தப்பு. வெயிலில் நிற்கும் காரிலோ பைக் சீட்டுக்கு அடியிலோ வைத்தால் வடிவம் குலையும் என்பதையும் வாய்விட்டுச் சொல்லவேண்டும்.

வீக்கம் வற்றியதும் ஸ்பிளின்ட் தளரும். உடனே புது ஷீட்டை எடுக்காதீர்கள். பழைய வடிவத்துக்குத் திரும்பும் தன்மையுள்ள ஷீட் என்றால், பட்டைகளைக் கழற்றித் தொட்டியில் போட்டாலே தட்டையாகிவிடும்; அதே நோயாளிக்கு மறுபடி வார்க்கலாம். வெல்க்ரோ பட்டை தேய்ந்திருந்தால் அதன் மென்மையான பக்கத்தை மட்டும் மாற்றுங்கள்.

உள்ளங்கை அகலத் துண்டு மிஞ்சினால் பிடிக்கச் சிரமப்படுகிறவருக்குக் கரண்டிக் காம்பைத் தடிமனாக்கும் பிடி செய்ய வைத்துக்கொள்ளலாம். மேல்பூச்சு உள்ள ஷீட் தன்மேல் ஒட்டாது. பூச்சைச் சுரண்டிவிட்டு, சூடாக்கி, காம்பில் சுற்றி அழுத்துங்கள். வாங்கிப்போகிறவரிடம், கொதிக்கும் சாம்பாருக்குள் பிடிவரை விடக்கூடாது, வெந்நீரில் கழுவக்கூடாது என்று சொல்லிக் கொடுங்கள்.