அம்மாவோட வேப்பங்குச்சியும் ஈறுக்கு அடியில இருக்கற கிருமியும்

எங்கம்மாவுக்கு போன மாசம் நாலாவது பல்லும் கழண்டு கையில வந்துருச்சு. அத கழுவி பாத்தேன், ஒரு சொத்தை கிடையாது, ஓட்டை கிடையாது, வேரோட முழுசா இருக்கு, வேர சுத்தி மட்டும் கருப்பா கல்லு மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கு. அம்மாவுக்கு இப்ப 68. பொறந்து வளந்தது எல்லாம் பர்மால பெகு ஊர் பக்கம், தாத்தா நட்ட வேப்பமரம் ஒண்ணு இன்னும் கொல்லையில நிக்குது, விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து அம்மா அந்த மரத்துக் குச்சியிலதான் பல்லு வெளக்கும். ஆலும் வேலும் பல்லுக்குறுதின்னு சொல்லிச் சொல்லியே எங்களையும் வளத்துச்சு. அப்படி இருந்தும் எப்படி பல்லு போச்சுன்னு எனக்கு மனசே ஆறல.

ரங்கூன்ல ஒரு பல்டாக்டர் கிட்ட கூட்டிட்டு போனேன், பர்மாக்கார பொண்ணு, சயாமான்னு கூப்பிடுவோம். மெல்லிசா கோடு போட்ட ஒரு கம்பிய பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல விட்டு ஒவ்வொரு பல்லா அளந்தாங்க. நல்ல ஈறுன்னா 3 மில்லிமீட்டருக்கு மேல அந்தக் கம்பி இறங்கக்கூடாதாம், அம்மாவுக்கு கடவாப் பல்லுல 7 வரைக்கும் இறங்குது. அதாவது ஈறு பல்ல விட்டு பிரிஞ்சு ஒரு பை மாதிரி ஆயிடுச்சு, உள்ள எலும்பும் கரைஞ்சிருக்கு. அப்ப சயாமா சொன்னத நான் பர்மியத்துல கேட்டு அம்மாவுக்கு தமிழ்ல சொன்னேன், "சொத்தைய பண்ற கிருமி வேற, ஈற திங்கற கிருமி வேறம்மா."

அதுக்கப்புறம் தேடித் தேடி படிச்சேன். ஈறு நோய்ல பெரிய வில்லன் போர்பைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ்னு ஒரு பாக்டீரியா, அதோட டானெரெல்லா, ட்ரெபோனிமான்னு இன்னும் ரெண்டு, இந்த மூணுக்கும் சேத்து 1998ல சிவப்புக் கூட்டம்னு பேரு வச்சிருக்காங்க. மூணுமே காத்து ஆகாத ஜாதி, அதனால வெளிய இருக்காது, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல இருட்டுல போய் ஒளிஞ்சுக்கும். இதுல ஜிஞ்சிவாலிஸ் வளர ரத்தத்துல இருக்கற இரும்புச்சத்து கட்டாயம் வேணும், ஈறுல ரத்தம் கசியக் கசிய அது வளருது, அது வளர வளர ஈறு இன்னும் புண்ணாகுது. ரத்தம்தானே, தானா நின்னுரும்னு நாம விட்டுர்றோம், உள்ள அதுக்கு பந்தி நடக்குது.

அப்ப வேப்பங்குச்சி வேலை செய்யலையான்னா செய்யுது, அத விட்டுக் கொடுக்க மாட்டேன். அம்மா காலையில சுண்டுவிரல் தடிமனுக்கு ஒரு பச்சைக் குச்சி ஒடிச்சு நுனிய நல்லா மெல்லும், நார் நாரா பிரிஞ்சு பிரஷ் ஆகுற வரைக்கும், கசப்பு எச்சில துப்பித் துப்பி கால் மணி நேரம் தேய்க்கும், கடைசியில குச்சிய ரெண்டா பொளந்து நாக்கு வழிக்கும். அவ்வளவு நேரம் பிரஷ் போடறவங்க யாரையும் நான் பாத்ததில்ல. நார் அழுக்க சுரண்டுது, மெல்ற மெல்லுல எச்சில் ஊறி வாய கழுவுது, கசப்புச் சத்தும் துவர்ப்புச் சத்தும் கிருமிய அமுக்குது. பழமொழில வர்ற வேல் வேம்பு இல்ல, கருவேலம், ஆனா ஆலுக்கும் கருவேலுக்கும் அந்தத் துவர்ப்புதான் பலம். இங்க பர்மாக்காரங்களுக்கும் குச்சி புதுசு இல்ல, புத்தரே பிக்குகளுக்கு பல்குச்சிய அனுமதிச்சார், வெளக்கலன்னா வாய் நாறும் சாப்பாடு ருசிக்காதுன்னு வினயம்ங்கற அவங்க பிக்கு விதி நூல்லயே இருக்கு.

ஆராய்ச்சியும் இருக்கு. மணிப்பால்ல வேப்பிலைச் சாறு கலந்த ஜெல்ல 6 வாரம் குடுத்து பாத்து 2004ல எழுதினாங்க, பல்லழுக்கு நல்லாவே குறைஞ்சிருக்கு. ஆனா அவங்க எண்ணிப் பாத்தது சொத்தை பண்ற கிருமிய, ஈறுக் கிருமிய இல்ல. அம்மா பல்லுல சொத்தை இல்லாததுக்கு அதுவும் ஒரு காரணம்னு நான் நம்புறேன். ஈறுக் கிருமிக்கு நான் படிச்சதுல பலமா இருந்தது மிஸ்வாக்குங்கற பல்குச்சிதான், எங்க தெருவுல சூலியா பாய், அதாவது தமிழ் முஸ்லிம், வீட்டுல எல்லாரும் போடறது, சங்கப் பாட்டுல வர்ற உகாய் மரம்தான் அது. 2008ல ஸ்வீடன் ஆராய்ச்சிக்காரங்க மிஸ்வாக் துண்ட கிருமி வளக்கற தட்டுல படாம மேல தொங்க விட்டாங்க, தொடாமலே ஜிஞ்சிவாலிஸ் செத்துச்சு, கடுகு காரத்தோட சொந்தக்கார சத்து ஒண்ணு அதுல ஆவியா வருதாம். படிக்கறப்ப எனக்கு புல்லரிச்சுப் போச்சு. ஆனா தட்டு வேற வாய் வேற, 7 மில்லிமீட்டர் பைக்குள்ள எந்தக் குச்சி நாரும் போகாது, எந்தச் சாறும் அங்க தங்காது. மேல இருக்கற அழுக்கு எச்சில்ல உள்ள சுண்ணாம்புச் சத்தோட சேந்து கல்லாகிட்டா குச்சியும் பிரஷும் அத அசைக்க முடியாது, டாக்டர்தான் சுரண்டணும்.

இன்னொண்ணு வெத்தலை. இத சொல்லத்தான் எனக்கு கஷ்டமா இருக்கு. காலையில கால் மணி நேரம் குச்சி, அப்புறம் நாள் பூரா குன்யா, அதாவது பர்மா வெத்தலைச் சுருள், பாக்கு சுண்ணாம்பு பொகையில எல்லாம் வச்சு. பர்மால பொறந்த தமிழன் வீட்டுல குன்யா வேணாம்னு யாரு சொல்லுவா. பாக்கு புத்துநோய் பண்ணும்னு 2004லயே உலக அளவுல உறுதி பண்ணிட்டாங்க, அது ஈறு செல்லையும் கெடுக்கும். பொகையில இன்னும் மோசம், ரத்தக் குழாய சுருக்கி ஈறுல ரத்தம் வர்றத கொறச்சுடும், வந்தாலும் வெத்தலைச் செவப்புல அது தெரியவா போகுது? இருபது வருஷமா அம்மா ஈறு உள்ளுக்குள்ள அழுகிட்டு இருந்திருக்கு, எங்க யாருக்கும் தெரியல, அம்மாவுக்கே தெரியல.

எனக்கும் பல்லு வெளக்கறப்ப ரத்தம் வருது, நான் குன்யா போடறதில்ல. என்னுது ஆரம்பம்தானாம், எலும்பு கரையல, திரும்பிரும்னு சயாமா சொன்னாங்க. 1965ல டென்மார்க்ல நல்ல ஈறு உள்ள 12 பேர் பல்லு வெளக்கறத நிறுத்திப் பாத்தாங்க, மூணு வாரத்துக்குள்ள எல்லாருக்கும் ஈறு வீங்கிடுச்சு, மறுபடி வெளக்க ஆரம்பிச்சதும் சரியாயிருச்சு. அந்த நிலையில இருக்கறவங்களுக்கு குச்சியும் உதவும் பிரஷும் உதவும், ஒழுங்கா ஈறு ஓரத்துல தேய்க்கணும் அவ்வளவுதான். குச்சில ஃப்ளோரைடு கிடையாது, அதனால என் பிள்ளைங்களுக்கு ராத்திரி பேஸ்ட் உண்டு. உமிக்கரியும் செங்கல் தூளும் வேணவே வேணாம், பல்லு மேல்தோல் தேஞ்சுரும். வேப்பெண்ணெய சின்னக் குழந்தைக்கு உள்ளுக்கு குடுக்கவே குடுக்காதீங்க, அது விஷமாகி உயிரே போயிருக்கு.

அம்மாவுக்கு ரெண்டு தடவை கல்லு சுரண்டியாச்சு, இன்னும் ரெண்டு தடவை இருக்கு. போன பல்லும் போன எலும்பும் வராது, மிச்சத்த நிறுத்தி வைக்கலாம். பொகையில நிறுத்தி பதினோரு நாள் ஆகுது, சாயங்காலம் ஆனா கை தன்னால வெத்தலைப் பெட்டிய தேடுது, "வாய் சும்மா இருக்க மாட்டேங்குதுடி பாப்பா"ன்னு சொல்லும். அதனால இப்ப சாயங்காலமும் ஒரு குச்சி ஒடிச்சுக் குடுக்கறேன்.