240 மணி நேரம்

ஜூலை 15

பிளாஸ்டிக் பேனலில் அடித்த பெயிண்ட் மறுபடியும் உரிந்தது. பிளேடால் குறுக்கும் நெடுக்குமாக ஆறாறு கோடு கீறி, டேப் ஒட்டி, ஒரே இழுப்பு. 25 கட்டத்தில் பாதி டேப்போடு வந்துவிட்டது. ரிப்போர்ட்டில் 1B என்று எழுதினேன். 5B என்றால் ஒன்றும் உரியாதது, எண் குறையக் குறைய மோசம். கஸ்டமருக்கு 4B-க்குக் குறைந்தால் பேச்சே கிடையாது.

ஸ்ப்ரே அண்ணன் டப்பாவைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "சரக்கு மாத்திட்டானுங்க சார், முன்ன மாதிரி இல்ல" என்றார். பெயிண்ட்டைத் திட்டுவதுதான் எல்லோருக்கும் சுலபம்.

உரிந்த ஏட்டைத் திருப்பி ட்யூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தேன். அடிப்பக்கம் ஒரே பளபளப்பு. அச்சில் எங்கேயோ இருந்த மயிரிழைக் கீறல் ஒன்று அதில் அப்படியே பதிந்திருக்கிறது. பிரைமர், கலர், கிளியர் மூன்றும் ஒன்றையொன்று விடவே இல்லை. பிளாஸ்டிக்கைத்தான் எதுவும் பிடிக்கவில்லை. இதில் பெயிண்ட்காரன் என்ன செய்வான்?

ஜூலை 16

பிரசவத்துக்கு மலையில் அம்மா வீட்டில் இருக்கும் இவளுக்கு பி.பி. 140/90. உட்காரவைத்து இன்னொரு தடவை பார்த்தும் அதேதானாம்.

ஜூலை 18

ஆடி பிறந்ததும் காற்று ஆரம்பித்துவிட்டது. அம்மியே பறக்கும் என்பார்கள், பெயிண்ட் பூத் கதவு இடுக்கில் தூசி நுழைவதா பெரிய விஷயம்? ஈரச் சாக்கு கட்டித் தொங்கவிட்டோம். தரையில் தண்ணீர் அடித்தோம்.

பேனல் வார்த்துக் கொடுக்கும் மோல்டிங்காரரிடம் போனில் கேட்டேன், அச்சிலிருந்து கழலச் சிலிக்கான் ஸ்ப்ரே அடிக்கிறீர்களா என்று. "சத்தியமா இல்லீங்க தம்பி, அந்த டப்பாவையே வெளிய தூக்கிப் போட்டாச்சு." நம்புகிறேன். அவருடைய யோக்கியதைக்காக இல்லை. சிலிக்கான் பட்டிருந்தால் பெயிண்ட் அடித்த நொடியிலேயே வட்ட வட்டமாக விலகிக் குழி விழுந்திருக்கும். இங்கே பரப்பு அவ்வளவு அழகாக ஓடி உட்காருகிறது. அழகாக உட்கார்ந்து அழகாக உரிகிறது.

இரவு மாமியார் பேசினார். மலையில் மழைத்தூறல், பனிமூட்டம், பக்கத்து வீடு தெரியவில்லையாம். கீழே கூட்டிவந்து விடுகிறேன் என்றேன். "ஆடியில எதுக்குப்பா அலைக்கழிக்கிற, இங்கயும் ஆஸ்பத்திரி இருக்குல்ல." இருக்கிறதுதான். 20 கொண்டை ஊசி வளைவும் இருக்கிறது.

ஜூலை 20

ஞாயிறு. தூக்கம் வரவில்லை என்பதால் எழுதுகிறேன்.

பாலிப்ரொப்பிலீன் எதையும் ஒட்டவிடாத ஜாதி. அதன் பரப்பு ஆற்றல் 30 டைனை ஒட்டித்தான். பெயிண்ட் பரவிப் பிடிக்க 38, 40-ஆவது வேண்டும். அதனால்தான் நெருப்புக் காட்டுகிறோம். நெருப்பு என்றால் உருக்க அல்ல. பர்னரில் காற்று கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும், சுடர் சுத்த நீலமாக இருக்க வேண்டும். உள்ளே தெரியும் கூம்பின் நுனியைத் தாண்டின இடத்தில் பேனல் கண்ணிமைக்கும் நேரம் கடக்க வேண்டும். மேல்தோலில் ஆக்சிஜன் ஏறிக்கொள்ளும், பிறகு பெயிண்ட் பிடிக்கும். மஞ்சள் சுடர் கரியைத்தான் பூசும். அதிக நேரம் காட்டினாலும் கெட்டது, சிதைந்த தோல் மேலேயே நிற்கும், அதன்மேல் ஒட்டிய பெயிண்ட் அதையும் சேர்த்துக்கொண்டு வரும்.

நம் சுடர் நீலம்தான். வேகமும் சரிதான். அப்புறம் ஏன்?

பழைய லாட்தான் உரிகிறது. ஸ்டோரில் கிடந்தது. புதிதாக வந்தது அவ்வளவு மோசமில்லை. இதை ஏன் யாரும் பேசுவதில்லை?

ஜூலை 21

காலையில் முதல் வேலையாகப் பழசில் ஒன்று, புதுசில் ஒன்று எடுத்து அடுத்தடுத்து நெருப்புக் காட்டினேன். உடனே 42 டைன் சோதனை மையை (பரப்பு ஆற்றல் அதற்குக் குறைந்தால் உருண்டுவிடும்) தடவினால் இரண்டிலும் இரண்டு விநாடிக்கு மேல் பரவியே நின்றது. ஸ்ப்ரே அண்ணனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அடிச்சிரலாமா சார் என்றார். வேண்டாம், அப்படியே மூடி வையுங்கள் என்றேன்.

ஜூலை 22

பழசில் 38 மைகூடச் சேம்பு இலைத் தண்ணீராக உருண்டுவிட்டது. புதுசில் நிற்கிறது.

நெருப்பு காட்டின பரப்பு நாளாக ஆகச் சோர்ந்துபோவது இயல்பு. ஒரே ராத்திரியில் இவ்வளவு சோராது. உள்ளேயிருந்து எதுவோ ஏறுகிறது. பழைய பேனலை விரல் நுனியால் தேய்த்தால் வழுக்கல். ஐ.பி.ஏ. (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) நனைத்த துணியால் துடைத்தேன், வழுக்கல் போய்விட்டது. சாயங்காலம் தொட்டால் லேசாகத் திரும்பியிருந்த மாதிரி இருந்தது. என் பிரமையாகவும் இருக்கலாம். மை பிரமை இல்லை.

பி.பி. மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். கால் வீக்கம் உண்டா என்று கேட்டேன். "செருப்பு மட்டும் ஏறல" என்று சிரிக்கிறாள்.

ஜூலை 23

கந்தம்பட்டியில் மோல்டிங்காரர் ஷெட்டுக்கே போய்விட்டேன். டீ வாங்கிக் கொடுத்தார். ஊர் நியாயம் பேசினார். நான் பிளாஸ்டிக் குருணை மூட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஹாப்பருக்குப் பின்னால் வேறு பிரிண்ட் போட்ட இரண்டு மூட்டை, வாய் பிரித்தபடி.

பாட்டில் மூடிக்கு ஓட்டுகிற கிரேடு! மூடி லேசாகத் திருக வேண்டும், அச்சிலிருந்தும் லேசாகக் கழல வேண்டும் என்று அதில் எருக்கமைடு மாதிரி வழுக்கல் மருந்து கலந்தே வரும். அந்த மருந்தின் வேலையே உள்ளிருந்து மெல்ல மெல்ல மேல்தோலுக்கு ஏறி மெழுகுப் படலமாக நிற்பதுதான். நாம் பேனலை ஸ்டோரில் வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அது ஏறிக்கொண்டே இருக்கும்.

"மிச்சம் மீதி வீணாப் போவுதேன்னு கொஞ்சமா கலந்தேன் தம்பி. சிலிக்கான் அடிக்கவே இல்லையே நான்?" உண்மைதான். அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை.

திரும்பும்போது ஐந்து ரோட்டில் தட்டுவடை செட் சாப்பிட்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு பசித்தது.

ஜூலை 25

கலப்பில்லாத மூட்டை, என் கண் முன்னால் ஓட்டின பேனல்கள். துடைத்து, நெருப்புக் காட்டி, சூடு ஆறினதும் பிரைமர். குளோரின் ஏற்றின பாலிஒலிஃபின் பிரைமர் மெல்லிசாக இருக்க வேண்டும், 10 மைக்ரானைத் தாண்டக் கூடாது. "பிடிக்கட்டுமே சார்" என்று அண்ணன் இன்னொரு கோட்டுக்குக் கை ஓங்கினார், தடுத்துவிட்டேன். தடித்தால் அந்தப் பிரைமரே நடுவில் பிளந்துகொள்ளும். பிறகு கலர், கிளியர், 80 டிகிரி பேக்கிங்.

காய்ந்த பேனலில் 5B. ஒரு கட்டம்கூட அசையவில்லை. ஆனால் கஸ்டமர் கேட்பது அது இல்லை. 40 டிகிரித் தண்ணீரில் 240 மணி நேரம் ஊறின பிறகு 4B. காலை 10 மணிக்குத் தொட்டியில் இறக்கினோம்.

ஜூலை 27

தொட்டி 40. இவள் 130/86.

ஜூலை 29

தொட்டி 40. தொலைபேசி எடுக்கவில்லை. மலையில் டவர் போய்விட்டதாம், பக்கத்து வீட்டு ஃபோனிலிருந்து மாமனார் சொன்னார். அதற்குள் வண்டியை எடுத்துக் கோரிமேடு வரை போய்விட்டேன்.

ஜூலை 30

மாதாந்திரப் பராமரிப்பு. காலை 9 மணிக்குப் போன கரண்ட் மத்தியானம் தாண்டியும் வரவில்லை. தொட்டியைச் சாக்கால் சுற்றி, ஸ்டவ்வில் வெந்நீர் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினோம். 38-க்குக் கீழே இறங்கவிடவில்லை. ஸ்ப்ரே அண்ணன் எட்டிப் பார்த்து, "பச்ச உடம்புக்காரிக்கு வெந்நி வெக்கிற மாதிரி இருக்குங்க சார்" என்றார். சொல்லிவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 1

கஸ்டமர் போன். ரிசல்ட் எப்போது? திங்கள். முன்னாடி முடியாதா? தண்ணீருக்கு அவசரம் தெரியாது சார் என்று சொல்ல வாய் வந்தது, திங்கள் என்றே இன்னொரு முறை சொன்னேன்.

ஆகஸ்ட் 2

146/94. தலைவலி என்கிறாள். இனி யார் பேச்சையும் கேட்பதாக இல்லை. நாளை விடியற்காலை கிளம்புகிறேன். மலைப்பாதையில் பண்டிகைக் கூட்டம் இருந்தால் குப்பனூர் வழி.

ஆகஸ்ட் 3

கூட்டிவந்தாயிற்று. வளைவுகளில் வண்டி ஊர்ந்தது. அவள் கண்ணை மூடியே இருந்தாள். ஒண்டிக்கடையில் ஒரு முறை வாந்தி. இங்கே அட்மிஷன் போட்டு, சிறுநீர் டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். நாளைக் காலை பெரிய டாக்டர் பார்த்துச் சொல்வாராம்.

ஆகஸ்ட் 4

10 மணிக்கு ஸ்ப்ரே அண்ணன் கூப்பிட்டார். பேனலை எடுத்தாச்சு, கொப்புளம் எதுவும் தெரியவில்லை. நீங்களே கட்டம் போடுங்கள் என்றேன். துணியால் ஒற்றிவிட்டு, புது பிளேடு, இரண்டு மி.மீ. இடைவெளி, டேப்பை நகத்தால் நன்றாக அழுத்தி, ஒன்றரை நிமிஷத்தில் ஒரே இழுப்பு. டேப்பின் ஒட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். "கை நடுங்குதுங்க சார்." பரவாயில்லை, இழுங்கள்.

லேபர் வார்டில் கையெழுத்து வாங்கிப் போயிருக்கிறார்கள். போட்டோ இன்னும் வரவில்லை.