மினி பிசிக்கு எச்பிஏ கார்டு: ஹோம் சர்வர் நாட்குறிப்பு

2024 ஜனவரி 6, சனி

சர்வர்ல இடம் தீர்ந்துபோச்சு. ஓடிட்டிருக்கறது ஹெச்பி எலைட்டெஸ்க் 800 ஜி4 மினி, ஐ5-8500டி, மேல பிராக்ஸ்மாக்ஸ் 8.1 (ஒரே பெட்டில பல விர்ச்சுவல் மெஷின் ஓட்டற லினக்ஸ் சிஸ்டம்). கரண்ட் ரொம்ப கம்மியா இழுக்கும், சத்தமே இருக்காது, இத விட்டுட்டு பெரிய டவர் வாங்க மனசு வரல. யூஎஸ்பி பெட்டில டிஸ்க்க போட்டு வெக்கலாம்னு நிறைய பேர் சொல்றாங்க, ஆனா நல்லா எழுதிட்டிருக்கும்போதே யூஎஸ்பி ரீசெட் ஆகி டிஸ்க் காணாமப்போய் திரும்ப வர்ற இடத்துல இசட்எஃப்எஸ் பூல, அதாவது பல டிஸ்க்க ஒண்ணா சேத்த சேமிப்பிடத்த, வெக்க எனக்கு சம்மதமில்ல, அதுல இருக்கறது வீட்டு போட்டோ மொத்தமும்.

இந்த பெட்டில பிசிஐஇ ஸ்லாட், அதாவது கார்டு செருகற இடம், கிடையாது. ஆனா உள்ள ரெண்டு எம்.2 ஸ்லாட் (சின்ன எஸ்எஸ்டி செருகற இடம்) இருக்கு, வெட்டு வடிவம் எம் கீ. அத என்விஎம்இ ஸ்லாட்னு சொல்றோமே தவிர அதுல வர்றது சாதா பிசிஐஇ ஜென் 3 (மூணாவது தலைமுறை) நாலு லேன்தான், லேன்னா டேட்டா போற பாதை. எம்.2-லேந்து பிசிஐஇ எக்ஸ்4 அடாப்டர்ங்கறது அந்த லேன அப்படியே வேற வடிவத்து ஸ்லாட்டுக்கு கொண்டுபோற போர்டு, அவ்ளோதான். நடுவுல எந்த சிப்பும் இல்ல, டிரைவரும் இல்ல, லினக்ஸுக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது. எனக்கு இது ரொம்ப பிடிச்ச விஷயம்.

ரிப்பன் கேபிள் வெச்ச அடாப்டரும், பழைய எல்எஸ்ஐ 9211-8ஐ எச்பிஏ ஒண்ணும் ஆர்டர் போட்டாச்சு. எச்பிஏன்னா நிறைய டிஸ்க்க கம்ப்யூட்டரோட இணைக்கற கார்டு.

ஜனவரி 9, செவ்வாய்

நண்பன் கேட்டான், எதுக்குடா எச்பிஏ, ஏஎஸ்எம்1166 சிப் போட்ட எம்.2 கார்டு வாங்குனா நேரா ஆறு சாட்டா போர்ட் (சாதா டிஸ்க் மாட்டற போர்ட்) வருமேன்னு. அவன் சொல்றது சரிதான். வெறும் சாட்டா டிஸ்க்னா நானும் அதைத்தான் வாங்க சொல்வேன், விலை கம்மி, தனி பவர் வேணாம், சிபியு ஆழமா தூங்கறதையும் பெருசா கெடுக்காது. என் கைல இருக்கறது செகண்ட் ஹேண்ட் எஸ்ஏஎஸ் டிஸ்க் (சர்வர்ல போடற வகை) நாலு, அது சாட்டா போர்ட்ல வேலை செய்யாது, எச்பிஏ வேணும்.

இன்னிக்கு முழுக்க யோசிச்சது பவர பத்திதான். எம்.2 ஸ்லாட் குடுக்கறது 3.3 வோல்ட் மட்டும். பிசிஐஇ கார்டுங்க பெரும்பாலும் எதிர்பாக்கறது 12 வோல்ட். அதனாலதான் இந்த அடாப்டர் எல்லாத்துலயும் ஓரமா ஒரு பவர் சாக்கெட் இருக்கும், ஃப்ளாப்பி டிரைவுக்கு வருமே அந்த சின்ன நாலு பின், இல்லேன்னா சாட்டா பவர். சில பேர் அத செருகாமலே கார்டு தெரியலன்னு அடாப்டர தூக்கி போட்டுடறாங்க. லேன் எம்.2 வழியா வந்துரும், 12 வோல்ட்ட நாமதான் கொண்டுவரணும்.

ஜனவரி 13, சனி

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் மார்க்கெட் போய்ட்டு வந்தேன். பொங்கலுக்கு முன்னாடி சனிக்கிழமை, கூட்டம் தாங்கல. ஒரு பழைய எஸ்எஃப்எக்ஸ் (சின்ன சைஸ்) பவர் சப்ளையும் கேபிளும் வேணும்.

"அண்ணே, சாட்டா பவர்லேந்து ஃப்ளாப்பி நாலு பின் கேபிள் குடுங்க, மோல்டட் வேணாம்."

"எல்லாம் ஒண்ணுதான் தம்பி, எத போட்டாலும் ஓடும்."

ஓடும், ஆனா ஒண்ணு இல்ல. மோல்டட் கேபிள்ல கம்பிங்கள அச்சுல வெச்சு சூடான பிளாஸ்டிக்க ஊத்திடுவாங்க, உள்ள கம்பி நகந்து 12 வோல்ட்டும் கிரவுண்டும் கிட்ட கிட்ட நின்னாலும் வெளிலேந்து பாத்தா ஒண்ணும் தெரியாது, நாளாக நாளாக சூடேறி தீப்பிடிச்ச கதையெல்லாம் இதுலதான் வரும். கிரிம்ப் பண்ண கேபிள்ல கனெக்டர் பின்மூடிய கழட்டலாம், ஒவ்வொரு கம்பியையும் தகடு கடிச்சு பிடிச்சிருக்கறது கண்ணுக்கு தெரியும். அண்ணன் உள்ள போய் தேடி எடுத்துட்டு வந்தாரு, மூடிய திறந்து பாத்துட்டு வாங்கினேன்.

இன்னொண்ணு, சாட்டா பவர் கனெக்டர்ல 12 வோல்ட்டுக்கு மூணு பின், ஒவ்வொண்ணும் 1.5 ஆம்ப், மொத்தம் 54 வாட். என் எச்பிஏ சுமார் 10 வாட்தான் இழுக்கும், கவலையில்ல. ஆனா எக்ஸ்16 கிராஃபிக்ஸ் கார்டு ஸ்லாட்லேந்து 75 வாட் வரைக்கும் கேக்கலாம், அத இந்த ஒத்த கனெக்டர நம்பி மாட்டவே கூடாது.

ஜனவரி 16, செவ்வாய்

மாட்டுப் பொங்கல், லீவு, உக்காந்து மாட்டியாச்சு.

கார்ட செருகறதுக்கு முன்னாடி மல்டிமீட்டர். பவர் சப்ளை 24 பின்ல பச்சை கம்பியையும் பக்கத்து கருப்பையும் சேத்து ஜம்பர் போட்டா தனியா ஆன் ஆகும். அடாப்டர் ஸ்லாட்டோட சின்ன பகுதி, அதாவது குறுக்குத் தடுப்புக்கு முன்னாடி இருக்கற பகுதி, அதுல பி வரிசைல முதல் மூணு பின்னும் 12 வோல்ட், நாலாவது கிரவுண்ட். புரோப அங்க வெச்சேன், 12.08. ஃப்ளாப்பி கனெக்டர்ல சிவப்பு 5 வோல்ட், மஞ்சள் 12 வோல்ட், இது ரெண்டும் மாறி வர்ற கேபிளும் மார்க்கெட்ல இருக்கு, அதனால அளந்து பாக்காம நான் எந்த கார்டையும் வெக்க மாட்டேன்.

எக்ஸ்8 கார்டு எக்ஸ்4 ஸ்லாட்ல உக்காருமான்னா, ஸ்லாட்டோட பின்பக்கம் திறந்திருந்தா உக்காரும், என்னோடது அப்படித்தான். மீதி பின் எல்லாம் காத்துல நிக்கும், ஒண்ணும் ஆகாது.

முதல்ல பவர் சப்ளை ஆன், அப்புறம் மினி பிசி. இந்த வரிசை முக்கியம், பயாஸ் எந்தெந்த கார்டு இருக்குன்னு எண்ணிப்பாக்கும்போது கார்டுக்கு உசிரு இருக்கணும், இல்லேன்னா அது லிஸ்ட்லயே வராது. எல்எஸ்பிசிஐ (கார்டு லிஸ்ட் காட்டற கமாண்ட்) அடிச்சேன், எச்பிஏவோட சிப் எஸ்ஏஎஸ்2008 வந்து நின்னுச்சு! லிங்க் ஸ்டேட்டஸ்ல 5 ஜிடி (ஜென் 2 வேகம்), எக்ஸ்4, பக்கத்துல டவுன்கிரேடட்னு போட்டிருக்கும், பதற வேணாம், எட்டு லேன் கார்டுக்கு நாலு குடுத்திருக்கோம்னு சொல்லுது. ஜென் 2-ல நாலு லேன்னா நொடிக்கு 2 ஜிபி, நாலு டிஸ்க்கும் சேந்து முழு வேகத்துல ஓடுனாலும் 1 ஜிபி தாண்டாது.

ஜனவரி 17, புதன்

எச்பிஏல ஐடி மோட் (ரெய்டு இல்லாம டிஸ்க்க அப்படியே காட்டற) ஃபர்ம்வேர் 20.00.07.00 ஏத்தினேன், பூட் ரோம் வேணும்னே விட்டுட்டேன், இந்த டிஸ்க்லேந்து பூட் பண்ணப்போறதில்ல, பூட் ஆகற நேரமும் மிச்சம். டிஸ்க்ல ரெண்டு ஏதோ ஸ்டோரேஜ் பெட்டிலேந்து வந்தது, 520 பைட் செக்டர், லினக்ஸ் அத தொடாது. எஸ்ஜி ஃபார்மட் கமாண்ட் போட்டு 512-க்கு மாத்தணும், டிஸ்க்குக்கு பல மணி நேரம் ஆகும், ஓடிட்டே இருக்கு.

அதோட வைஃபை ஸ்லாட்டையும் காலி பண்ணி, அங்க ரியல்டெக் 8125 சிப் போட்ட 2.5 ஜி நெட்வொர்க் கார்டு. அந்த ஸ்லாட்ல ஒரு லேன் பிசிஐஇ வரும், இந்த கார்டுக்கு அது தாராளம். வாங்கறதுக்கு முன்னாடி உங்க போர்ட பாத்துக்கோங்க, சிலதுல அந்த ஸ்லாட்ல சிஎன்விஐ (இன்டெல் வைஃபைக்கான தனி இணைப்பு) மட்டும்தான், பிசிஐஇ இருக்காது.

கார்டு கூடுனா பஸ் நம்பர் தள்ளும், நேத்து வரைக்கும் இஎன்பி2எஸ்0-ன்னு இருந்த நெட்வொர்க் பேரு நாளைக்கு இஎன்பி3எஸ்0 ஆகிடும், பிரிட்ஜ் (விர்ச்சுவல் மெஷினெல்லாம் நெட்வொர்க்ல சேர்ற இடம்) பழைய பேர தேடிட்டு நிக்கும், சர்வர் நெட்வொர்க்லேந்தே காணாமப்போயிடும். அதனால கார்டோட மேக் அட்ரஸ (அதோட தனி நம்பர்) வெச்சு சிஸ்டம்டி லிங்க் ஃபைல் எழுதி பேர நிலையா கட்டிட்டேன்.

ஜனவரி 21, ஞாயிறு

எச்பிஏவோட ஹீட்சிங்க்ல விரல வெச்சா ஒரு நொடி கூட தாங்கல. இந்த கார்டெல்லாம் சர்வர் பெட்டில ஃபேன் வரிசைக்கு முன்னாடி உக்கார செஞ்சது, மேசை மேல சும்மா நிக்க இல்ல. 40 மில்லிமீட்டர் ஃபேன் ஒண்ண ஹீட்சிங்க் மேல ஸ்க்ரூ போட்டு வெச்சேன், இப்ப வெதுவெதுன்னு இருக்கு, அவ்ளோதான்.

சாயங்காலம் கரண்ட் போச்சு. நல்லதாப்போச்சு, பாக்க வேண்டியது அதைத்தான். ஜம்பர் போட்ட பவர் சப்ளை கரண்ட் வந்ததும் தானா ஆன் ஆகுது, மினி பிசி பயாஸ்ல கரண்ட் வந்தா ஆன் ஆகுன்னு வெச்சிருக்கேன், அது பயாஸ் வேலைய முடிக்கறதுக்குள்ள டிஸ்க் பக்கம் தயார். நான் எதையும் தொடல, நாலு டிஸ்க்கும் வந்துடுச்சு.

பிப்ரவரி 4, ஞாயிறு

எச்பிஏவ அப்படியே ட்ரூநாஸ் (ஸ்டோரேஜ் சிஸ்டம்) ஓடற விர்ச்சுவல் மெஷினுக்கு குடுத்தாச்சு, ஐஓஎம்எம்யூல (கார்ட விர்ச்சுவல் மெஷினுக்கு பிரிச்சு குடுக்க உதவற அமைப்பு) அது தனி குரூப்பா நின்னதால ஒரு தகராறும் இல்ல. போட்டோ எல்லாம் ஏத்தி ஸ்க்ரப் (டேட்டா முழுசையும் படிச்சு சரிபாக்கறது) ஓட்டினேன், பிழை பூஜ்யம். கர்னல் லாக்ல பிசிஐஇ ஏஇஆர் எர்ரர் (பிசிஐஇ லிங்க்ல வர்ற பிழை அறிக்கை) ஒண்ணு கூட இல்ல, இதைத்தான் நான் ரொம்ப கவனிச்சேன், ஏன்னா ரிப்பன் கேபிள்ல முதல்ல அடிவாங்கறது சிக்னல்தான். ஜென் 2 கார்டுங்கறதால என்னோடது பொறுத்துக்குது. நண்பன் ஆக்குலிங்க் (பிசிஐஇ லேன வெளிய கொண்டுபோற) கேபிள்ல ஜென் 4 எஸ்எஸ்டி போட்டிருக்கான், அவன் லாக் முழுக்க கரெக்டபிள் எர்ரர் (தானா திருத்திக்கற பிழை), பயாஸ்ல ஜென் 3-க்கு இறக்கினதும் எல்லாம் நின்னுபோச்சு. லாக்ல எர்ரர மறைக்க நோஏஇஆர் போடு-ன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, வேகத்த இறக்குங்க.

அடுத்து 10 ஜி கார்டு, இன்டெல் எக்ஸ்520. அதுக்கு ரெண்டாவது எம்.2 ஸ்லாட் காலியாகணும், அதனால பூட் டிஸ்க்க 2.5 இஞ்ச் சாட்டா இடத்துக்கு மாத்தற வேலை முதல்ல.