ஹவானாவில் மர்ரேரோ நின்ற மேடு

ஷேர் டாக்ஸியிலிருந்து ஹவானாவின் செர்ரோ பகுதியில் இறங்கியதுமே நீல வண்ணம் பூசிய லத்தீனோஅமெரிக்கானோ பேஸ்பால் ஸ்டேடியம் தெரிந்தது. வாசலில் இருந்த காவலரிடம் ‘மர்ரேரோ’ என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். கேட்டைத் திறந்து உள்ளே கூட்டிப்போனார். மைதானத்தின் நடுவே, பந்து போடுபவர் நிற்கும் செம்மண் மேடு. அதைப் பார்க்கத்தான் வந்தேன்.

1999 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணி கியூப அணியோடு இங்கே மோதியது. ஆட்டத்தைத் தொடங்கிவைக்க பழைய கியூபப் பந்துவீச்சாளர், 87 வயது கொன்ராடோ மர்ரேரோவை அழைத்தார்கள். ஒரு பந்து போட்டுக் கையசைத்துவிட்டு இறங்குவதுதான் வழக்கம். அவர் இறங்கவில்லை. ஒன்று போட்டார், அப்புறம் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. எதிரே மட்டையோடு நின்ற ஓரியோல்ஸ் வீரர் பிரேடி ஆண்டர்சன் காத்திருந்தார்.

அந்த மேட்டை விட்டு இறங்க அவருக்கு மனசு வராததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. 1911 ஏப்ரல் 25 அன்று சாகுவா லா கிராந்தே பக்கம், கரும்பு விளையும் ஊரில் பிறந்தவர். அமெச்சூர் ஆட்டத்திலேயே பல வருடம் ஓடிவிட்டது. வாஷிங்டன் செனட்டர்ஸ் அணிக்காக 1950இல் முதன்முதலாக அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் தொடரான மேஜர் லீகில் பந்து போட்டபோது 39 வயது நிறைய நான்கே நாள் பாக்கி. நம்மூர் கிரிக்கெட்டில் அந்த வயதில் கமெண்டரி பேசப் போய்விடுவார்கள். உயரமும் 5 அடி 5 அங்குலம்தான். வேகத்தை நம்பாமல் சுழற்சியையும் குறியையும் நம்பினார். மறு வருடமே, 40 வயதில், அந்த வருடத்தின் சிறந்த வீரர்களைச் சேர்த்து அமைக்கும் ஆல்-ஸ்டார் அணிக்குத் தேர்வானார். ஐந்து சீசனில் பந்துவீச்சாளராக அவர் கணக்கில் 39 வெற்றி, 40 தோல்வி.

சாயங்காலம் ஹவானாவின் பார்க்கே சென்ட்ரல் பூங்காவுக்குப் போனேன். கியூப விடுதலைத் தலைவர் ஹோசே மார்த்தியின் சிலை அருகே தினமும் பேஸ்பால் ரசிகர்கள் கூடிச் சத்தமாக வாதாடும் இடம் ஒன்று உண்டு. ‘சூடான மூலை’ என்று பெயர். அங்கே ஒரு பெரியவர் பையிலிருந்து பச்சை ஆரஞ்சு ஒன்றை எடுத்தார். இரண்டு விரல்களை நடுவிலிருந்து கொஞ்சம் ஓரமாக நகர்த்தி, கட்டைவிரலை அடியில் கொடுத்து, பாட்டில் மூடியைத் திருகுவதுபோல் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார். மர்ரேரோவின் பந்து கடைசி நொடியில் இப்படித்தான் விலகுமாம். பழத்தை என் கையில் வைத்து, என் விரல்களையும் சரியான இடத்துக்குத் தள்ளிவிட்டார்.

புரட்சிக்குப் பிறகும் மர்ரேரோ கியூபாவிலேயே இருந்தார், இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். பழைய வீரர்களுக்கான மேஜர் லீக் உதவித்தொகை, கியூபா மீதான அமெரிக்கப் பொருளாதாரத் தடையில் சிக்கி, அவர் நூறு வயதைத் தாண்டிய பிறகுதான் கைக்கு வந்தது. நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

2014 ஏப்ரல் 23 அன்று ஹவானாவில் காலமானார். “102 வயது” என்று குறிப்பேட்டில் எழுதினேன். எட்டிப் பார்த்த பெரியவர் தலையை ஆட்டி மறுத்தார். “103. பாக்கி இரண்டே நாள்தானே” என்றார்.