ஓடை வேலிக்கு அந்தப் பக்கம்

பசிபிக் கடலில் பிரான்சின் ஆட்சிக்கு உட்பட்ட தீவுக்கூட்டமான நியூ கலிடோனியாவில் நில அளவை வேலை பார்த்தபோது, எங்கள் வண்டியில் கருவிகளோடு ஒரு துணியும் எப்போதும் இருக்கும். அங்குள்ள பூர்வகுடிகளான கானாக் மக்களின் ஊருக்குள் போனதும் பெரியவர்கள் முன்னால் அந்தத் துணியையும் கொஞ்சம் பணத்தையும் வைத்து, எதற்காக வந்திருக்கிறோம் என்று சொல்ல வேண்டும். அவர்கள் ஏற்றுக்கொண்ட பிறகுதான் அளவை.

அன்று அளக்கப் போனது மேற்குக் கரையில் ஒரு பழைய மாட்டுப் பண்ணை. ஒரு குலத்தாருக்குத் திருப்பிக் கொடுக்கவிருந்த நிலம். கூட வந்த பெரியவர் கம்பிவேலியைத் தாண்டி நேராக ஒரு மேட்டுக்குப் போனார். ஓரத்தில் தென்னைகள், நெடிதாக வளர்ந்த ஊசியிலை மரங்கள். அவருடைய முன்னோரின் வீடு நின்ற மேடு அது. என் வரைபடத்தில் அந்த இடம் வெறும் மேய்ச்சல் நிலம்.

1853இல் பிரான்ஸ் இந்தத் தீவை எடுத்துக்கொண்டது. குடியேறியவர்களின் மாடுகள் ராசவள்ளி, சேம்புத் தோட்டங்களை மிதித்து நாசமாக்கின. வேலி போட்டுக்கொள்ளச் சொன்னபோது, சேம்பு போய் மாட்டைத் தின்னும் அன்றைக்குப் போடுகிறேன் என்று கானாக் தலைவர் ஆதாயி பதில் சொன்னதாக இன்றும் சொல்கிறார்கள். 1878இல் கிளர்ச்சியை நடத்தியவர் அவர். அந்த ஆண்டே கொல்லப்பட்டார். அப்புறம் முதன்மைத் தீவான பெருந்தீவின் கானாக் மக்களை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நிலத்துக்குள் அடைத்தார்கள். திருப்பிக் கொடுக்கும் சீர்திருத்தம் 1978இல்தான் தொடங்கியது.

"நிலத்தைக் கொடுத்தும் சும்மா போட்டு வைத்திருக்கிறார்களே" என்று தலைநகர் நூமியாவில் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்குக் கோபம் வரும். குலத்துக்குச் சொந்தமான நிலத்தை விற்கவும் முடியாது, ஜப்தி செய்யவும் முடியாது. மறுபடி பறிபோகக் கூடாது என்பதற்கான காப்பு அது. அந்தக் காப்பு வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அதனாலேயே அதை அடமானம் வைத்து வங்கியில் கடன் வாங்கவும் வழியில்லை. பக்கத்துப் பண்ணைக்காரருக்கு டிராக்டர், தொழுவம், தலைமுறைச் சேமிப்பு எல்லாம் இருக்கின்றன. இவர்களுக்குக் கிடைத்தது மண் மட்டும். போதாததற்கு, ராசவள்ளி எடுத்தபின் சில வருடம் ஆறப்போட்ட நிலத்தையும் தரிசு என்று எழுதிவிடுகிறார்கள். முதல் வருடம் நானும் அப்படி எழுதியிருக்கிறேன்.

மதியம் பெரியவர் சரிவில் பழைய சேம்புப் படிவயல்களைக் காட்டினார். அவற்றுக்குத் தண்ணீர் கொண்டுவந்த வாய்க்காலின் தடம் மண்ணில் இன்னும் தெரிந்தது. தொடர்ந்து நடந்தோம். தடம் வேலிக்கு அடியில் நுழைந்து அடுத்த பண்ணைக்குள் போனது. ஓடை அங்கே ஓடிக்கொண்டிருந்தது.

"இது உங்கள் தாளில் இருக்கிறதா?" என்று கேட்டார். இல்லை. கோப்பில் எல்லை வேலியோடு நின்றது. அதன்படியே அளந்து கையெழுத்துப் போட்டேன். வாய்க்காலை மட்டும் புள்ளிக்கோடாக வரைந்து, எங்கிருந்து வருகிறது என்று ஓரத்தில் எழுதி வைத்தேன்.