கைச் சொரசொரப்பு: மெடிக்கல் ஷாப் ட்யூப் செய்த வேலையும் கடைசியில் கேட்ட மருந்தும்

மேல்கையில் கோழித்தோல் மாதிரி புள்ளி புள்ளியாகத் தடித்திருப்பதற்குக் கெரட்டோசிஸ் பிலாரிஸ் என்று பெயர். மயிர்க்கால்களில் கெரட்டின் என்ற தோல் புரதம் அடைத்துக்கொள்வதால் வருவது; பரம்பரை, தொற்றாது. இவ்வளவும் உங்களுக்கே தெரிந்திருக்கும். நேரே மெடிக்கல் ஷாப் விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

கடைக்காரர் என் கையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "படைதாம்மா, இதைப் போடுங்க, ஓடிப்போயிரும்" என்று ஒரு ட்யூபைக் கொடுத்தார். போட்டதும் சிவப்பு அடங்கியது. நிறுத்தியதும் முன்பைவிட அதிகமாகச் சிவந்து, அரிப்பும் சேர்ந்துகொண்டது. பிறகு பார்த்த தோல் டாக்டர் அந்த ட்யூபைத் திருப்பிப் படித்துக் காட்டினார்: குளோபெட்டசால், கூடவே பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக். பூஞ்சையும் இல்லை, கிருமியும் இல்லை. குளோபெட்டசாலோ ஸ்டீராய்டு கிரீம்களிலேயே மிக வீரியமான வகை. விடாமல் போட்டால் தோல் மெலிந்து, வரி வரியாகத் தழும்பு விழுந்துவிடும், அது மறையாது. ட்யூபில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று இருந்தால் டாக்டர் எழுதித் தராமல் தயவுசெய்து வாங்காதீர்கள்.

நடுவில் ஒரு தனியார் கிளினிக். முழுக்கையை மடிக்கக்கூடச் சொல்லாமல் லேசர் பேக்கேஜுக்கு விலை சொன்னார்கள். "இன்னைக்கே அட்வான்ஸ் கட்டினா தள்ளுபடி" என்று வரவேற்பில் வேறு வற்புறுத்தினார்கள். லேசரில் சிலருக்குச் சிவப்பு குறையும் என்பது உண்மைதான். ஆனால் சாதாரண கிரீமே போட்டுப் பார்க்காத ஒருவரிடம் முதலில் பேச வேண்டியது அதுவா? கட்டாமல் வந்துவிட்டேன்.

சரியான வைத்தியம் கிடைத்தது அரசு மருத்துவமனை தோல் ஓபியில். கூட்டம் இருந்தது, காத்திருந்தேன். அந்த டாக்டர் கையைத் தடவிப் பார்த்தார். அம்மாவுக்கு உண்டா, ஆஸ்துமா, கரப்பான் உண்டா என்று கேட்டார். முழங்கையையும் முழங்காலையும் பார்த்தார்; சத்துக் குறைவால் வரும் தவளைத்தோல் பெரும்பாலும் அங்கேதான் தெரியுமாம். பிறகு யூரியாவும் லாக்டிக் அமிலமும் சேர்ந்த கிரீம் எழுதினார்.

அதையும் சுலபமாகத் தரவில்லை. வெளியே ஒரு கடையில் "அதே மருந்துதான்" என்று வாசனை மாய்ஸ்சரைசர் ஒன்றை நீட்டினார்கள். அட்டையைப் படித்தேன், யூரியா என்ற பேச்சே இல்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த கடையில் யூரியா 10 சதவீதம், லாக்டிக் அமிலம் 10 சதவீதம் என்று சொல்லிக் கேட்டேன். உடனே எடுத்துக் கொடுத்தார்கள். கம்பெனிப் பெயரைவிட உள்ளே இருப்பதைச் சொல்லிக் கேளுங்கள்.

குளித்ததும் ஒற்றியெடுத்துவிட்டு, ஈரம் காய்வதற்குள் போட வேண்டும். ஷேவ், வாக்ஸ் செய்த அன்று போட்டால் பயங்கரமாக எரியும். வெயிலில் போகும்போது சன்ஸ்கிரீன் அவசியம். அத்தை பாசமாகத்தான் பீர்க்கங்காய் நாரும் பயத்தமாவும் கொண்டுவந்து, "அழுக்குதான்டி, நல்லாத் தேய்ச்சா போயிரும்" என்றார். இது அழுக்கே இல்லை. தேய்த்தால் சிவக்கும், கிள்ளினால் நம் நிறத்தில் கறுப்புப் புள்ளி தங்கிவிடும். அத்தையிடம் டாக்டர் சீட்டைக் காட்டித்தான் நிறுத்தினேன்.

சொரசொரப்பு குறையச் சில வாரங்கள் பிடித்தன. கறுப்புப் புள்ளிகள் மங்க மாதக்கணக்கில் ஆனது. அரைக்கை ரவிக்கை தைக்கக் கொடுத்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். முழுக்கக் குணமாகாது, நிறுத்தினால் திரும்பும். மார்கழிப் பனியில் இன்னும் காயும், அப்போது இரண்டு வேளை போடுகிறேன். இரவில் போட ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகை மருந்து) கிரீம் யாராவது எழுதினால், கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

அக்கா மகளுக்கும் கன்னத்தில் இதே புள்ளிகள். என் கிரீமைக் கேட்டாள் அக்கா. கொடுக்கவில்லை. பெரியவர்கள் கைக்கு எழுதிய மருந்தைக் குழந்தை முகத்தில் போடக் கூடாது என்று சொல்லி, அதே ஓபிக்கு அழைத்துப் போகிறேன்.