சலம் அடைத்து ரியூப் போட்டபின், எடுக்கும் நாள் வரை

சலம் (சிறுநீர்) அடைத்து, அடிவயிறு கல்லாகித் துடிக்கிறவருக்கு ரியூப் (சலப்பைக்குள் விடும் கதீற்றர் குழாய்) போட்டதும் முகம் தெளியும் வேகத்தை ஆஸ்பத்திரி வோட்டில் நின்றவர்கள் மறக்கமாட்டார்கள். சிரமம் அதற்குப் பிறகுதான். சலம் சேரும் பையோடு வீட்டுக்கு அனுப்பி, சில நாளிலோ ஓரிரு வாரத்திலோ வரச்சொல்லி, சலம் தானாகப் போகிறதா என்று ரியூப்பைக் கழற்றிப் பார்ப்பார்கள். இடையில் அப்பாவையோ வாப்பாவையோ வீட்டில் எப்படிப் பார்க்கிறோம் என்பதில் அந்த நாளின் பலன் நிறையத் தங்கியிருக்கிறது.

ரியூப் உள்ளே நிற்பது ஒரு சின்ன பலூனால். வழமையாக 10 மில்லிலீற்றர் சுத்தமான நீர் ஏற்றியிருப்பார்கள். ரியூப் இழுபட்டால் அந்தப் பலூன் சலப்பையின் கழுத்தில் உரசி இரத்தம் கசியும். அதனால் கொஞ்சம் தொய்வு விட்டுத் தொடையில் பிளாஸ்டர் ஒட்டுங்கள். இரவில் தடுமாறும் வயோதிபர் பலூனோடு இழுத்துவிட்டால் சலம் போகும் வழியே கிழியும், அவரைத் தனியே விடவேண்டாம்.

பை எப்போதும் சலப்பைக்குக் கீழே, ஆனால் நிலத்தில் படாமல். அக்கரைப்பற்றிலிருந்தோ பொத்துவிலிலிருந்தோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் பஸ்ஸில் வருகிறவர்கள் பையை மடியில் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். சலம் திரும்பி ஓடும், கிருமியும் சேர்ந்து போகும். சாரத்துக்குள்ளே காலோடு கட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது. பாதிக்கு மேல் நிரம்பியதும் ஊற்றிவிடுங்கள். ஊற்ற முன்னும் பின்னும் கை கழுவுங்கள், வாய்க்குழாய் ஜக்கில் முட்டக்கூடாது.

நாளுக்கு ஒருதரமாவது சவர்க்காரமும் தண்ணீரும் போட்டுக் கழுவினால் போதும், டெற்றோல் வேண்டாம். சுன்னத்துச் செய்யாதவருக்கு முன்தோலைப் பின்தள்ளிக் கழுவியபின் மறக்காமல் முன்னே கொண்டுவரவேண்டும். விட்டால் அது இறுகி முனை வீங்கும், அது அவசரநிலை.

சலம் வருவது நின்றால் பதற முன் பாருங்கள்: குழாய் மடிந்ததா, தொடைக்குக் கீழே நசிந்ததா, பை மேலே தூங்குகிறதா? அடுத்தது மலச்சிக்கல். இறுகிய மலம் பக்கத்திலிருந்து அழுத்தும், ரியூப்பின் ஓரத்தால் சலம் கசியவும் வைக்கும். பப்பாளி, கீரை, தண்ணீர் எல்லாம் இதற்காகத்தான். கச்சான் என்ற வறண்ட காற்று அடிக்கும் மாதங்களில் உடம்பு வற்றிச் சலம் தடிப்பதால் இன்னும் கொஞ்சம் குடிக்கவேண்டும். இருதய, சிறுநீரக நோயாளர் மட்டும் வைத்தியர் சொன்ன அளவோடு நிற்கவேண்டும். எதைச் சரிசெய்தும் வராமல் வயிறு நோகிறதென்றால், காய்ச்சல் நடுக்கம் என்றால், கட்டியாக இரத்தம் என்றால் உடனே ஆஸ்பத்திரி.

வீங்கிய புரொஸ்டேற்றுக்கு (சலப்பைக்குக் கீழே உள்ள ஆண்களின் சுரப்பி) பெரும்பாலும் தாம்சுலோசின் 0.4 மில்லிகிராம் எழுதுவார்கள். தினமும் ஒரே சாப்பாட்டுக்குப் பிறகு, மெல்லாமல் முழுங்கவேண்டும். இடையில் விட்டால் கழற்றும் நாளில்தான் தெரியவரும். எழும்பும்போது தலைசுற்றும், அதனால் கட்டிலில் சற்று இருந்து எழும்பட்டும். கண்புரை ஒப்பரேஷன் என்றால் இந்த மருந்தைக் கண் வைத்தியரிடம் முதலில் சொல்லுங்கள். தடிமனுக்குக் கடையில் வாங்கும் பிரிட்டன் (Piriton) போன்ற குளிசை வேண்டவே வேண்டாம், அடைப்பைத் தொடக்கிவைப்பதே சில நேரம் அதுதான்.

கழற்றுவது காலையில். சிரிஞ்சால் பலூன் நீரை எடுத்தபின் ரியூப் வழுகி வரும், சிறு எரிவுதான். பிறகு மணித்தியாலத்துக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்துக்கொண்டு இருக்கலாம். அவசரத்தில் இரண்டு லீற்றரைக் குடித்தால் சலப்பை மிதமிஞ்சி விரிந்து, தசை சுருங்க மறுக்கும். ஒவ்வொரு முறையும் ஜக்கில் அளந்து, நேரமும் மில்லிலீற்றரும் கொப்பியில் எழுதவேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒருதரம் 40, 50 என்று வந்தால் ‘போகுது’ என்று சந்தோஷப்படாதீர்கள். நிரம்பி வழிவதும் அப்படித்தான் இருக்கும், மிஸியிடம் (தாதியிடம்) சொல்லுங்கள். 200 அளவில் ஒரேயடியாக வந்து, ஸ்கானில் சலப்பையில் மிச்சச் சலம் குறைவாக இருந்தால்தான் நிம்மதி.

முதல்தரம் சரிவராவிட்டால் ரியூப்பைத் திரும்பப் போட்டு, இன்னொரு நாள் பார்ப்பார்கள், அல்லது ஒப்பரேஷனைப் பற்றிக் கதைப்பார்கள். சரிவந்தாலும் அன்றிரவே அடைக்கலாம். ஆறு மணித்தியாலமாக ஒன்றும் வராமல் வயிறு முட்டினால் மட்டக்களப்புவரை ஓடவேண்டியதில்லை. கல்முனை, அக்கரைப்பற்று, களுவாஞ்சிகுடி, வாழைச்சேனை ஆதார வைத்தியசாலை எதிலும் ரியூப் போடுவார்கள். கிளினிக் கொப்பியை மறக்காமல் கையில் எடுத்துப் போங்கள்.